சுவர்தான் பாடத்திட்டம்: ஆப்பிரிக்கப் பாரம்பரியக் கட்டிட அலுவலர்களுக்குப் புதுச்சேரியில் மூன்று வாரப் பயிற்சி

பயிற்சி என்றதும் பலர் முதலில் அரங்கத்தையும் புரொஜெக்டரையும் பிடிக்கிறார்கள். முதலில் பிடிக்க வேண்டியது ஒரு பழுதான வீடு. பாடம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். கென்யாவின் லாமுவிலும் தான்சானியாவின் சான்சிபாரிலும் பெனினின் போர்ட்டோ நோவோவிலும் பழைய கட்டிடங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்கள் படம் பார்த்துக் கற்பதற்காக இவ்வளவு தூரம் வருவதில்லை.

இது ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே செய்து பார்த்த வழி. 1990 முதல் 2000 வரை அங்குள்ள அருங்காட்சியக ஊழியர்களுக்காக 'ப்ரேமா' என்ற பயிற்சித் திட்டத்தை ரோமில் உள்ள பன்னாட்டுப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இக்ரோம் நடத்தியது. பெனினின் போர்ட்டோ நோவோவிலும் கென்யாவின் மொம்பாசாவிலும் உள்ள இரண்டு பயிற்சி மையங்கள் அதிலிருந்து முளைத்தவை. அடுத்து 1998 முதல் 2009 வரை, 'ஆப்பிரிக்கா 2009' என்ற பெயரில், கட்டிடம், இடிபாடு போன்ற நகர்த்த முடியாத பாரம்பரியத்துக்கான திட்டம் நடந்தது. இக்ரோமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய மையமும், மண் கட்டிடக் கலைக்குப் பெயர்பெற்ற, பிரான்சின் க்ரெனோபிளில் உள்ள க்ராத்தேர் நிறுவனமும், ஆப்பிரிக்க நிறுவனங்களோடு சேர்ந்து அதை நடத்தின. பிரெஞ்சு பேசுவோருக்குப் போர்ட்டோ நோவோ, ஆங்கிலம் பேசுவோருக்கு மொம்பாசா என்று நீண்ட வகுப்புகள் ஒருபுறம். உண்மையான ஒரு கட்டிடத்தில் உண்மையான வேலையைச் செய்தபடியே கற்றுக்கொடுக்கும் களத் திட்டங்கள் மறுபுறம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் களத் திட்ட முறையை.

புதுச்சேரிக்கு இதில் இரண்டு சாதகங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் தெரிந்த ஆட்கள் இங்கே கிடைப்பார்கள். கடற்காற்று, உப்பு, சுண்ணாம்பு, மர உத்திரம், பருவமழை என்று இங்குள்ள தொல்லைகளில் பாதி கிழக்காப்பிரிக்கக் கரையிலும் உண்டு. மீதிப் பாதி அங்கே இல்லை. அதை மறந்தால் பயிற்சி வீண். அதைப் பற்றிக் கீழே.

எப்போது, எத்தனை பேர்

பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி மூன்றாம் வாரம் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரோடு ஓய்ந்திருக்கும். சுவரில் ஓதம் (நிலத்திலிருந்து ஏறும் ஈரம்) ஏறிய கோடு அழியாமல் தெரியும், ஆனால் பூச்சு வேலைக்கு வானம் தெளிந்திருக்கும். ஏப்ரலில் வைத்தால் பூசிய சுண்ணாம்பு ஈரம் பிடிக்காமல் வெடிக்கும், வந்தவர்களும் வெயிலில் துவண்டுபோவார்கள்.

12 பேர் போதும். நாலு பேர் கொண்ட மூன்று குழு, குழுவுக்கு ஒரு மேஸ்திரி, இரண்டு சித்தாள். 20 பேரைச் சேர்த்தால் 8 பேர் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள். மேஸ்திரிக்கு அன்றாடக் கூலி கொடுத்து 'உதவியாளர்' என்று எழுதாதீர்கள். அவர் பாடம் நடத்துகிறார். பேராசிரியருக்கு எழுதும் அதே தலைப்பில் அவருக்கும் மதிப்பூதியம் எழுதுங்கள். இதைச் செய்யாத முகாம்களில் மேஸ்திரி இரண்டாம் நாளே வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர்மேல் குற்றமில்லை.

விசா அழைப்புக் கடிதம் மூன்று மாதம் முன்பே போக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று மிக முக்கியம். அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து சான்று இல்லாமல் வருபவரை விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். செலவுக்கு, இந்திய அரசு 1964 முதல் நடத்தும் ஐடெக் ஒத்துழைப்புத் திட்டத்தின் வழியாக முயலலாம்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

தமிழர் பகுதியில் தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் உள்ள, ஆள் குடியிருக்கும் ஒரு வீடு வேண்டும். காலியான மாளிகை வேண்டாம். குடியிருப்பவர் இல்லாவிட்டால் பராமரிப்பு என்ற பாதிப் பாடம் நடக்காது. குறைந்தது இவை இருக்கட்டும்: அடியில் ஓதம் ஏறிய ஒரு சுவர், மெட்ராஸ் டெரஸ் தளம் (மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கியது) உள்ள ஓர் அறை, ஒழுகும் தாழ்வார ஓட்டுக்கூரை, யாரோ ஒருவர் 'நல்லதுக்கு' என்று பூசிவைத்த சிமென்ட். நாலாவதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் எழுத்தில் வேண்டும். நாலு அண்ணன் தம்பியில் மூவர் சம்மதித்து, நாலாமவர் ஐந்தாம் நாள் வந்து வேலையை நிறுத்தினால் பயிற்சி அங்கேயே முடிந்தது. இந்தச் சம்மதம் வாங்கும் வேலையை மறைக்காமல் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் காட்டுங்கள். அக்ராவிலும் மொம்பாசாவிலும் குடும்பச் சொத்துத் தகராறு இப்படித்தான் கூரையைச் சரிக்கிறது. சீரமைத்த தெருவைக் காட்ட வைசியாள் வீதி பக்கத்திலேயே இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்ற தெரு அது.

முதல் வாரம்: தொடாமல் பார்ப்பது

முதல் ஆறு நாள் யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. அளவெடுப்பு, புகைப்படம், பழுது குறிப்பு மட்டும். தரைப்படமும் முகப்பும் 1:50 அளவில், கதவு, தூணின் தலைப்பகுதியான போதிகை போன்றவை 1:10இல். பழைய வீட்டில் எந்த அறையும் சரியான செவ்வகமாக இருக்காது. நீளம், அகலத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்காவிட்டால் படம் மூடாது. மட்டத்துக்குத் தண்ணீர் டியூப், சுவர்ச் சாய்வுக்குத் தூக்குக் குண்டு. லேசர் கருவி இருந்தாலும் இவற்றையும் கற்றுக்கொடுங்கள். பேட்டரி தீர்ந்த ஊரில் தூக்குக் குண்டு வேலை செய்யும்.

ஆவணம் எதற்கு என்று கேட்பவருக்கு இரண்டு கட்டிடங்கள் போதும். புதுச்சேரியின் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். சான்சிபாரின் 'அற்புத மாளிகை' 1883இல் எழுந்தது, சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே 2020 டிசம்பர் 25 அன்று ஒரு பகுதி சரிந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டையும் ஒரே மாலையில் வைத்துப் பேசுங்கள். எந்த விரிசலை எப்போது யார் அளந்திருக்க வேண்டும் என்பது மட்டும் கேள்வியாக இருக்கட்டும்.

விரிசல் அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். விரிசலின் இருபுறமும் ஒரு துருப்பிடிக்காத திருகாணி பதித்து, இரண்டுக்கும் இடைத்தூரத்தை வெர்னியர் காலிப்பரால் எடுத்து, தேதியும் நேரமும் எழுத வேண்டும். காலையிலும் பிற்பகலிலும் அளந்தால் வெப்பத்தால் மட்டுமே அசையும் அளவு தெரியும். அதைக் கழிக்காமல் 'விரிசல் வளர்கிறது' என்று பதறுவதுதான் புதியவர் செய்யும் தவறு. மூன்று வாரத்தில் முடிவு தெரியாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் தளத்தில் எப்போதும் உத்திரத்தின் நடுவைப் பார்ப்பார்கள். பழுது அங்கே இருக்காது. சுவருக்குள் புதைந்த முனையில் இருக்கும். கூர்மையான ஸ்க்ரூடிரைவரை முனையருகே குத்துங்கள். நல்ல தேக்கு எதிர்த்து நிற்கும், மக்கியது வெண்ணெய் போல வாங்கிக்கொள்ளும். மேலே சாய்த்து அடுக்கிய அச்சுக்கல் என்ற சிறு செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, அதன்மேல் தட்டோடு என்று அடுக்கு இருப்பதால், ஒழுகல் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. லாமு வீட்டில் இதே வேலையை அலையாத்தி (சதுப்புநில) மரக் கம்புகள் செய்கின்றன. அங்கே 'போரிட்டி' என்பார்கள். கம்பின் நீளமே அறையின் அகலத்தைச் சுமார் 2.5 முதல் 3 மீட்டருக்குள் கட்டிப்போட்டது. இதைச் சொன்னதும் வந்தவர்களே தங்கள் ஊர்க் கூரையை வரைந்து காட்டத் தொடங்குவார்கள். நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாம் வாரம்: சுண்ணாம்பு

இந்த வாரத்துக்கான வேலை, பயிற்சி தொடங்க ஒரு மாதம் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். நீற்றிய (சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் குழைத்த) விழுது குறைந்தது நாலு வாரம் தண்ணீருக்கடியில் ஊற வேண்டும். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. முகாமின்போது நீற்றுவது காட்டுவதற்காக மட்டும். பூசுவதற்கு முன்பே ஊறியது.

நீற்றும்போது முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. மாற்றிச் செய்யாதீர்கள். சுட்ட சுண்ணாம்புமேல் தண்ணீரைத் தெளித்தால் அங்கங்கே மட்டும் கொதித்து முகத்தில் தெறிக்கும், உள்ளே வேகாத கட்டிகள் நிற்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு தண்ணீர், இரும்பு டிரம். கொதிநிலையைத் தொடுவதால் பிளாஸ்டிக் டிரம் இளகும். நீளமான காம்புள்ள மண்வெட்டியால் கிளறி, அடங்கியபின் 3 மில்லிமீட்டர் சல்லடையில் வடிகட்டுங்கள். எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டால் 20 நிமிடம் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். குடத்தில் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்து மணல். 'ஒன்றுக்கு மூன்று' என்ற விகிதத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் மூன்று என்று கேட்டால் மௌனம். ஒரு லிட்டர் மக்கில் உலர்ந்த மணலைத் தட்டி நிரப்பி மேல்மட்டம் வழித்துவிடுங்கள். அளவு ஜாடியிலிருந்து தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மணலின் மேற்பரப்பு பளபளக்கும் கணத்தில் நிறுத்துங்கள். 330 மில்லி போயிருந்தால், மணல் மணிகளுக்கிடையே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அதை நிரப்பத்தான் ஒரு பங்கு சுண்ணாம்பு. 400 மில்லி குடித்த மணலுக்கு ஒன்றுக்கு இரண்டரைதான் சரி. விகிதம் புத்தகத்தில் இல்லை, மக்கில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் எந்த நாட்டு மணலையும் சமாளிப்பார். இந்த ஒரு சோதனைக்கு அரை நாள் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்யட்டும்.

கடல் மணல் வேண்டவே வேண்டாம். ஆற்று மணலிலும் வண்டல் பார்க்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் மணலும் உப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல் அடுக்கு மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் கழுவியே பயன்படுத்த வேண்டும்.

ஓதம் ஏறும் சுவரில் சிமென்ட் பூச்சு ஏன் பொரிந்து விழுகிறது? நிலத்து ஈரம் உப்பைச் சுமந்து மேலே வருகிறது. வெளியே ஆவியாகப் போகச் சிமென்ட் விடுவதில்லை. உப்பு சிமென்டுக்குப் பின்னால் படிகமாகி, பழைய செங்கல்லின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு வருகிறது. சிமென்டை உயர்த்திப் பூசினால் ஓதமும் இன்னொரு முழம் உயரும். ஆகவே ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை சிமென்டைச் சிறு உளியால் எடுத்து, இணைப்புகளை 20 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, சுவரை உலரவிடுங்கள். கீழ்ப்பகுதிக்கு விழுது ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. ஒரு கோட் 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கட்டைவிரல் அழுத்தினால் குழி விழாமல் நகம் மட்டும் கீறும் பதம் வந்தபின் அடுத்த கோட். பூசியபின் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஏழு நாள், காலை, மதியம், மாலை மூன்று வேளை தெளிக்க வேண்டும். புதுச்சேரியில் பிற்பகல் கடற்காற்று சாக்கை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடும். மறுநாள் சிலந்தி வலை போல மயிரிழை விரிசல் கண்டால் கலவையைக் குறை சொல்லுமுன் சாக்கைத் தொட்டுப் பாருங்கள்.

பூச்சு இறுகியதா என்று பார்க்க ஒரு துண்டை உடைத்து, புது முகத்தில் ஒரு சதவீத பினாப்தலின் கரைசலைத் தெளிக்கலாம். இறுகாத உட்பகுதி இளஞ்சிவப்பாகும், காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகிய மேல்தோல் நிறம் மாறாது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சிவப்பது இதன் உறவுதான். ஆனால் மஞ்சள் லேசான காரத்துக்கே சிவந்துவிடும் என்பதால் ஆழம் அளக்க உதவாது. வேடிக்கைக்கு ஒருமுறை காட்டுங்கள், அளவுக்குப் பினாப்தலின்.

கடுக்காய், வெல்லத் தண்ணீர் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ச் செய்முறையை மந்திரம் போலச் சொல்லி அனுப்பாதீர்கள். சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று என்று இரண்டு சதுர மாதிரிகள் பூசிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். கடுக்காயில் வேலை செய்வது துவர்ப்புப் பொருள். மேற்காப்பிரிக்காவில் 'நேரே' என்ற மரத்தின் காயோட்டைக் கொதிக்கவைத்து எடுக்கும் துவர்ப்புச் சாற்றை மண் சுவர்மேல் பூசுகிறார்கள். புர்கினா ஃபாசோவின் தியேபெலே அரண்மனை முற்றம் 2024இல் டெல்லியில் கூடிய கூட்டத்தில்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதன் வண்ணச் சுவர்களுக்கும் அந்தச் சாறுதான். அதைச் செய்து பழகியவர் குழுவில் இருந்தால் அன்று அவர் பாடம் நடத்தட்டும்.

எங்கே சுண்ணாம்பு உதவாது

மாலி நாட்டில் மண்ணால் கட்டிய ஜென்னே மசூதியைச் சுண்ணாம்பு பூசிக் 'காப்பாற்றலாம்' என்று நினைப்பவர் இந்தப் பயிற்சியின் தோல்வி. இப்போதுள்ள மசூதி 1907இல் எழுந்தது. ஆற்று வண்டலும் உமியும் சேர்த்துப் புளிக்கவைத்த மண்ணை, கொத்தனார் சங்கத்தின் தலைமையில், மழைக்குமுன் ஊரே கூடி ஆண்டுதோறும் பூசுகிறது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளே சாரம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நமக்கு இது புரியாமல் போகாது. அங்கே கட்டிடத்தைத் தாங்குவது அந்த ஆண்டுப் பழக்கம். மண்ணுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், ஆரோவில் மண் கட்டிட நிறுவனம் அருகில் இருக்கிறது. களச் சோதனை எளிது: பிசைந்த மண்ணை 3 சென்டிமீட்டர் தடிமனில் உருட்டி, மேசை விளிம்பில் மெல்லத் தள்ளுங்கள். ஒடிந்து விழும் துண்டு 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மணல் அதிகம், 15ஐத் தாண்டினால் களி அதிகம்.

சிம்பாப்வே நாட்டின் பழைய கல் நகர இடிபாடான கிரேட் சிம்பாப்வேயில் சாந்தே இல்லை. கல்மேல் கல். புடைத்த சுவரைப் பிரிக்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் எண், ஒவ்வொரு வரிசைக்கும் படம். அங்கிருந்து வருபவருக்கு முதல் வாரம்தான் தங்கம், இரண்டாம் வாரம் பார்வையாளர்.

இடிபாடு பற்றிய பாடத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டை. 1758இல் பிரெஞ்சுப் படையிடம் விழுந்து தகர்க்கப்பட்டது. அரை நாள் போதும். குடியிருக்கும் வீட்டைக் காப்பதும் கூரையற்ற சுவரைக் காப்பதும் வேறு என்று பார்த்தால் தெரியும். சுவரில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதை அங்கே சொல்லுங்கள். வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகடித்து, வற்றியபின் எடுத்து, இடைவெளியைச் சுண்ணாம்புக் கரைசலால் நிரப்ப வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்

மொழி தெரிந்தால் போதாது, வேலை தெரிய வேண்டும். மேஸ்திரி "சுவர் ஓதம் காக்குதுங்க, பொரிஞ்சு நிக்குது, இதுல கலவை பிடிக்காது" என்பார். பிரெஞ்சு இலக்கியம் படித்தவர் அதை 'சுவர் வறுபட்டது' என்று சொல்லிவிடுவார். பயிற்சிக்கு முன் மொழிபெயர்ப்பாளரை இரண்டு நாள் வேலைத்தளத்தில் நிறுத்தி, சாந்து, ஓதம், மணியாசுப் பலகை, ரசமட்டம், சாரம் என்று 60 சொல்லுக்காவது தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, சுவாகிலி அட்டை தயாரியுங்கள். சுவாகிலியில் சுண்ணாம்பு 'சோகா'. அந்த ஒரு சொல் சாரத்தில் நிற்கும் இருவரைச் சீக்கிரம் நண்பராக்கும்.

மூன்றாம் வாரம்: நிர்வாகம்

ஒவ்வொருவரும் வரும்போதே தன் தளத்தின் கோப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: தரைப்படம், 30 புகைப்படம், கடந்த ஆண்டுச் செலவு, சாவி யாரிடம் என்ற விவரம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கோப்புகளே அதிகம் வரும்.

மேலாண்மைத் திட்டம் என்று 200 பக்கம் எழுதவைக்காதீர்கள். 12 மாதக் காலண்டர் ஒரே தாளில். எந்த மாதம் தூம்பு அடைப்பு எடுப்பது, யார் எடுப்பது, எத்தனை ஆள், எவ்வளவு பணம், யார் கையெழுத்து. புதுச்சேரி வீட்டுக்கு ஒன்று செய்து பழகட்டும்: செப்டம்பரில் கூரை ஓடும் தூம்பும், நவம்பரில் ஒழுகல் குறிப்பு, ஜனவரியில் வெள்ளையடிப்பு, மார்ச்சில் கரையான் சோதனை. பிறகு தங்கள் ஊர் மழைக்கு ஏற்ப மாற்றி எழுதட்டும். நம் மாதங்களை அப்படியே நகலெடுத்த தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

விபத்துக்கான பக்கமும் அதே தாளின் பின்புறம். உகாண்டாவின் காசுபி அரச சமாதி 2001இல் உலகப் பாரம்பரியமானது, 2010 மார்ச் 16 இரவு எரிந்தது, ஆபத்தில் உள்ள தளங்களின் பட்டியலிலிருந்து வெளியே வர 2023 ஆயிற்று. தண்ணீர் எங்கே, மின் இணைப்பை எங்கே துண்டிப்பது, முதலில் யாரைக் கூப்பிடுவது. இந்த மூன்றையும் வீட்டுக்காரரே 5 நிமிடத்தில் செய்துகாட்ட முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். கைத்தொழில் அறிவும் சொத்துதான் என்பதற்கு மாலியின் டிம்பக்டு சான்று: 2012இல் தகர்க்கப்பட்ட கல்லறை மாடங்களை 2015க்குள் எழுப்பியவர்கள் அந்த ஊர்க் கொத்தனார்களே. ஆகவே காலண்டரில் மேஸ்திரியின் பெயரும், அவரிடம் கற்கும் இளையவரின் பெயரும் இருக்க வேண்டும்.

நிறைவு விழாவுக்கு ஒரு மணி நேரம் போதும். எழுத்துத் தேர்வு வேண்டாம். அவரவர் பூசிய சதுரத்தின்முன் நின்று, எதைத் தவறாகச் செய்தோம், ஏன் என்று சொல்லட்டும். மேஸ்திரி கேள்வி கேட்பார்.

ஊர் திரும்பிய முதல் வாரத்தில் தன் கட்டிடத்தின் ஒரு விரிசலில் திருகாணி பதித்து, ஆறு மாதம் மாதாமாதம் அளவு அனுப்ப வேண்டும். சான்றிதழ் ஆறாவது அளவு வந்தபின் தபாலில். முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுங்கள்.

மீந்த சுண்ணாம்பு விழுதைக் கொட்டிவிடாதீர்கள். டிரம்மில் மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்க மூடி, நீற்றிய தேதியை எழுதி நிழலில் வையுங்கள். தண்ணீர் வற்றாமல் மாதம் ஒருமுறை பார்த்தால் அடுத்த ஆண்டு முகாமுக்கு முதல் நாளே பூசத் தயாராக இருக்கும்.